மஞ்சள் ஃபாக்ஸ்குளோவ்: பூ முடிஞ்சதும் பிடுங்கிப் போட்டுடாதீங்க

மஞ்சள் ஃபாக்ஸ்குளோவ்ல நடக்கிற தப்புல பாதி, அதை ஊதா ஃபாக்ஸ்குளோவ் மாதிரியே நடத்துறதால வர்றதுதான். ஊதா ரெண்டு வருஷச் செடி, முதல் வருஷம் இலை, அடுத்த வருஷம் பூ, விதை விட்டதும் பெரும்பாலும் செத்துப்போயிரும். மஞ்சள், அதாவது டிஜிட்டாலிஸ் கிராண்டிஃப்ளோரா, பல வருஷம் நிக்கிற செடி. இது தெரியாம ஜூன் ஜூலைல பூத்து முடிஞ்சதும் வேரோட பிடுங்கி எறிஞ்சிடுறாங்க, பாவம். பூத்த தண்டை மட்டும் வெட்டுங்க, அடியில இருக்கிற இலைக்கொத்தை அப்படியே விடுங்க, சில சமயம் சீசன் கடைசில இன்னொரு தடவை சின்னதா பூக்கும்.

விதை தூசி மாதிரி இருக்கும், அதை மண் போட்டு மூடுனா முளைக்காது, வெளிச்சம் வேணும். ஈர மண்ணு மேல தூவி லேசா அழுத்திட்டு ஸ்ப்ரேயர்ல தண்ணி அடிச்சா போதும், வாளியோட ஊத்துனா எல்லாம் ஒரு மூலைக்குப் போயிரும். முதல் வருஷம் பெரும்பாலும் இலை மட்டும்தான், களைன்னு நினைச்சு கொத்திடாதீங்க.

யூரோப் மலைக்காட்டு ஓரத்துச் செடி இது, அரை நிழலும் காயாத மண்ணும் கேக்கும், ஆனா குளிர்காலத்துல அடியில தண்ணி நின்னா அழுகிடும். குளிரைத் தாங்குற செடிதான், கெடுக்கிறது ஈரம். களிமண்ணா இருந்தா இலைமக்கு கலந்து கொஞ்சம் மேடாக்கி நடுங்க, மல்ச்சை, அதாவது மண்ணை மூடப் போடுற சருகை, செடியோட கழுத்துல குவிக்காதீங்க.

அடுத்தது விளையாட்டு இல்ல. செடி முழுக்க விஷம், இலை, பூ, விதை எல்லாமே, பூச்சாடில நின்ன தண்ணி உட்பட, நேரா ஹார்ட்டைத்தான் பிடிக்கும். இதய நோய்க்குக் குடுக்கிற டிகாக்சின் மாத்திரை இந்த இனத்துச் செடிலேருந்துதானே வருது, கஷாயம் வச்சா என்னன்னு கேக்கிறவங்களும் இருக்காங்க, வைக்கவே வைக்காதீங்க. 1785லயே வில்லியம் விதரிங்ங்கிற இங்கிலாந்து டாக்டர் ஊதா வகையை நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்து எழுதினப்போ, அளவு கூடுனா என்ன ஆகும்னும் சேத்துதான் எழுதினாரு. பூ இல்லாதப்போ இலை காம்ஃப்ரேங்கிற மூலிகையோட இலை மாதிரி இருக்கும், அதனால மூலிகைப் பாத்தி பக்கத்துல நடவே நடாதீங்க.

வாங்கும்போது லேபிளைப் பாருங்க, டிஜிட்டாலிஸ் லுட்டியான்னு இன்னொரு ஃபாக்ஸ்குளோவும் மஞ்சள்தான், ஆனா பூ ரொம்பக் குட்டி. கிராண்டிஃப்ளோராவோட பூ கிட்டத்தட்ட விரல் நுழையுற அளவு, வெளிர் மஞ்சள், உள்ள எட்டிப் பாத்தா பிரவுன் கலர்ல வலை பின்னுன மாதிரி கோடு. சென்னை வெயிலுக்கு விதை ஆர்டர் பண்ணலாமான்னா, வேணாம், காசு வேஸ்ட்.