தஞ்சைப் பெரிய கோயிலைக் கைடு வைத்துப் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊருக்குள்ளேயே இருக்கிறது, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இந்த வசதியே ஒருவகையில் கெடுதலாகிவிட்டது. தாஜ்மகாலுக்குப் போகிறவர்கள் ஒரு மாதம் முன்பே திட்டம் போடுகிறார்கள். இங்கே வருகிறவர்கள் கும்பகோணம் போகிற வழியில் "ஒரு அரைமணி நேரம்" என்று வண்டியை நிறுத்துகிறார்கள். வாசலில் முதலில் கூப்பிட்ட கைடைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய், நிழல் விழாத கோபுரம், எண்பது டன் ஒற்றைக்கல், வளர்ந்துகொண்டே போன நந்தி என்று மூன்று கதைகளோடு திரும்பி வருகிறார்கள். மூன்றும் உண்மையில்லை. உண்மையாகப் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி, கழுத்தை நிமிர்த்தாமலே கண்ணுக்கு எதிரில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறார்கள்.

முதலில் நேரம். நண்பகலில் போய் இறங்குவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மதியம் நடை சாத்திவிட்டால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இடையில் வந்தவர்கள் வெளியில் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். ஏப்ரல், மே வெயிலில் பதினோரு மணிக்கு மேல் அந்தக் கல் தளத்தில் வெறுங்காலோடு நடந்தால் தெரியும். நடப்பதற்கு நார்ப்பாய் விரித்திருந்தாலும், சிற்பமும் கல்வெட்டும் பாயின் ஓரமாகவே இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பாயை விட்டு இறங்கிப் போக வேண்டும். கைடு பேசிக்கொண்டிருப்பார், நீங்கள் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் என்ன காதில் ஏறும்?

வெளிச்சமும் முக்கியம். கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் வாசலிலிருந்து பார்த்தால் விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் பெரிய கோபுரத்தின்) முன்பக்கம் முழுக்க வெயில் விழுந்து தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்று போட்டோ எடுத்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் நிற்கும், கோபுரம் கறுப்பாகத்தான் விழும். மாலையில் போவதென்றால் மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். கல்வெட்டு படிக்கவும் சாய்ந்து விழும் வெயில்தான் வேண்டும். வெட்டின எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து கண்ணுக்குப் பிடிபடும், உச்சி வெயிலில் எல்லாம் சப்பையாகிவிடும். ஆகவே ஆறரை மணிக்குள் உள்ளே இருந்தால் நல்லது. சிரமமாக இருந்தால் ஏழு.

எந்த நாள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதோஷத்தன்று மாலையில் நந்தி மண்டபத்தைச் சுற்றிக் கூட்டம் நெரியும். ஐப்பசி சதயத்தில் ராஜராஜனுக்கு விழா. அந்த நாளின் கொண்டாட்டத்தைப் பார்ப்பது வேறு, கோயிலைப் பார்ப்பது வேறு. விழாவுக்குத்தான் வந்தேன் என்றால் கைடு வேண்டியதில்லை.

சாமி தரிசனத்தையும் கைடோடு சுற்றுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் கைடு காத்திருக்க வேண்டும், அவருக்கும் அடுத்த ஆள் காத்திருப்பார். முடிவில் கருவறையிலிருந்து வெளியே வந்ததும் மிச்சத்தை ஓட்டமாக ஓடி முடிப்பார்கள். காலையில் முதலில் தரிசனத்தை முடித்துவிட்டு, கைடை எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரமாவது அவர் உங்களோடு இருக்க வேண்டும்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது? அங்கீகாரம் பெற்றவரா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்த மொழி என்பதை உள்ளே கால் வைக்கும் முன்பே பேசிவிடுங்கள். "பார்த்துக் கொடுங்க சார்" என்பதற்கு ஒப்புக்கொண்டால் வெளியே வரும்போது இரண்டு பேருக்கும் மனக்கசப்புதான். இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: "கல்வெட்டு காட்டுவீங்களா, ஒரு வரியாவது படிச்சுச் சொல்வீங்களா?" அதற்கு அவர் முகம் மலர்ந்தால் ஆளை விடாதீர்கள். "அதெல்லாம் பழைய எழுத்து சார், ஆனா கோபுரத்து நிழல் இருக்கே..." என்று ஆரம்பித்தால் நன்றி சொல்லிவிட்டு நகரலாம்.

கைடுகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வருகிறவர்கள் மர்மம் கேட்கிறார்கள், அவர்கள் மர்மம் சொல்கிறார்கள். தொல்லியல் துறையின் சான்றோடு பேசுகிற ஒருவர், "இதுல அதிசயம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கும் கூட்டத்துக்கு நடுவில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

நிழல் கதையையே எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கு விமானத்துக்கு மேற்கே போய் நின்றால், நீங்கள் நிற்பதே அதன் நிழலில்தான். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அப்போது நிழல் வடக்கு முற்றத்தில் கிடக்கும். தஞ்சாவூர் இருக்கும் அட்சரேகைக்கு ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சில நாட்கள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்றைக்கு உங்கள் நிழலும்தான் தரையில் விழாது.

எண்பது டன் ஒற்றைக்கல்லும் அப்படித்தான். விமானத்தின் உச்சியில் இருக்கும் சிகரம் பல கற்களைச் சேர்த்துப் பொருத்திக் கட்டியது. சாரப்பள்ளத்திலிருந்து சாரம் போட்டு ஒரே கல்லை இழுத்தார்கள் என்ற கதையில் ஊர்ப் பெயர் அழகாகப் பொருந்துவதால் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் கல்லை ஏற்றியதைவிட ஆச்சரியமான விஷயம் உள்ளே இருக்கிறது. கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர். அவற்றுக்கு நடுவில் ஒரு நடைபாதை. மேலே போகப் போகக் கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி நீட்டி அடுக்கி, ஏறத்தாழ இருநூறு அடிக்கு மேல் போகிற கோபுரத்தின் உட்புறத்தைக் கூடாகவே விட்டிருக்கிறார்கள். கருங்கல் கிடைக்காத காவிரி வண்டல் பூமியில் இதைச் செய்திருக்கிறார்கள். கைடிடம் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்: இந்த எடையை எது தாங்குகிறது?

வடக்குப் பக்கம் விமானத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் முகம் ஒன்று இருக்கிறது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தார்கள்" என்பார்கள். ஐரோப்பியர்கள் இந்தக் கரைக்கு வந்த பிறகு நடந்த திருப்பணியில் சேர்ந்தது என்று கொள்வதே பொருத்தம். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் இன்னொரு பெரிய தவறு வருகிறது. மதிலுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் ராஜராஜன் கட்டியதாக நினைத்துக்கொள்வது. போட்டோவில் எல்லோரும் எடுக்கும் அந்தப் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. ராஜராஜன் வைத்ததாகச் சொல்லப்படும் பழைய நந்தி தெற்குத் திருச்சுற்றில் (பிராகாரத்தில்) இருக்கிறது, அதன் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அம்மன் சன்னதி 13ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் வந்தது. நுணுக்கமான வேலைப்பாடு உள்ள முருகன் சன்னதி நாயக்கருடையது. வெளியே அகழியும் கோட்டையும்கூட நாயக்கர் காலம். திருச்சுற்றின் சுவரில் மராட்டிய எழுத்தில் நீளமாக ஒரு கல்வெட்டு ஓடும். போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை 1803இல் சரபோஜி மன்னர் வெட்டச் செய்தது அது. ஒவ்வொரு இடத்திலும் "இது யார் காலம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தால் போதும், கைடு தானாகவே கதையை விட்டு வரலாற்றுக்கு வந்துவிடுவார்.

உள்ளே நுழையும்போது இரண்டு கோபுர வாசல்களையும் அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். முதலாவது கேரளாந்தகன் திருவாயில், சேரரை வென்ற பெயரைச் சுமந்து நிற்கிறது. அடுத்தது ராஜராஜன் திருவாயில். அதன் அடித்தளத்தில் மார்க்கண்டேயன் கதை, அர்ச்சுனனுக்குப் பாசுபதம் கிடைத்த கதை எல்லாம் சிறு சிறு காட்சிகளாக ஓடுகின்றன. வாசலின் இரு பக்கமும் ஒற்றைக்கல்லில் செய்த பிரம்மாண்டமான துவாரபாலகர்கள். அவர்களில் ஒருவரின் காலடியைப் பாருங்கள், ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையை விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரிது, அந்தப் பாம்பே காலடியில் கிடக்கிற அளவுக்கு இந்தக் காவலன் எவ்வளவு பெரிது, இவனையே வாசலில் நிறுத்தியிருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று சிற்பி கணக்குப் போட வைக்கிறார். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

இனி கல்வெட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில்கூட இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதில் குழப்பம் இருந்தது. கிருமிகண்ட சோழன், கரிகாலன் என்றெல்லாம் தலபுராணம் சொன்னது. அந்த நூற்றாண்டின் கடைசியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகுதான் ராஜராஜன் என்பது உறுதியாயிற்று. பதில் அத்தனை காலமும் சுவரிலேயே இருந்தது!

விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டில், தான் கொடுத்ததையும், அக்கன் குந்தவை கொடுத்ததையும், தன் மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொல்லி மன்னன் ஆணையிட்ட செய்தி இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்களை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, வரவழைத்துக் குடியமர்த்தியதை, அவர்கள் பெயர், வந்த கோயில், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளக்கிற மரக்காலுக்கும் நடராசரின் பெயரான ஆடவல்லான் என்றே பெயர். இந்தக் கல்வெட்டு வடக்கு மதிலின் வெளிப்புறத்தில் இருப்பதால், சொன்னாலொழிய கண்ணில் படாது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது, நாவிதர் பெயரும் இருக்கிறது.

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த எழுத்து முற்றிலும் அந்நியமில்லை. தொடக்கத்தில் கிரந்தத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' இருக்கும், அதைத் தாண்டிவிடுங்கள். பிறகு க, ட, ப, ர என்று ஒன்றிரண்டு எழுத்து அடையாளம் தெரியும். பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள் என்பது தெரிந்தால் பாதி தடுமாற்றம் போய்விடும். கைடு ஒரு சொல்லைக் காட்டினால் அதே சொல்லை அடுத்த வரியில் நீங்களே தேடிப் பிடிக்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போனால் இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. ஆனால் எழுத்து தெரிவதற்காக விபூதி, சுண்ணம், குங்குமம் எதையும் தேய்க்காதீர்கள். கைடே தேய்த்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சோழர் ஓவியத்தைப் பார்க்கலாம் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டுபிடித்த அந்த ஓவியங்கள், கருவறையைச் சுற்றியுள்ள நடைபாதையில், நாயக்கர் ஓவியப் பூச்சுக்கு அடியில் இருந்தவை. அதற்கு மேல்தளத்தில்தான் நாட்டியத்தின் நூற்றெட்டுக் கரணங்களில் (ஆடல் நிலைகளில்) 81 மட்டும் செதுக்கி, மிச்சக் கற்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். இரண்டு இடங்களுக்கும் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. "நான் ஏற்பாடு பண்றேன்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ஓவியத்தின் படங்களைத் தொல்லியல் துறையின் விளக்கக் கூடத்தில் பார்க்கலாம். திருச்சுற்று மாளிகையில் லிங்கங்களுக்குப் பின்னால் உள்ள சுவர்களில் பிற்கால ஓவியங்கள் உண்டு, அவற்றுக்குத் தடையில்லை.

சில்லறை விஷயங்கள்: ட்ரோன் பறக்கவிட முடியாது, முக்காலி வைத்துப் படமெடுக்க முன்அனுமதி வேண்டும், கருவறையில் படம் எடுக்கக் கூடாது. செருப்பை வண்டியிலேயே விட்டு வந்தால் ரோட்டைக் கடக்கும்போது கால் சுடும், வாசலில் விடுங்கள். முட்டி வலி உள்ள பெரியவர்கள் வந்தால் கருவறைக்கு ஏறும் படிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்த "ஒரே நாளில் மூன்று கோயில்" திட்டம். 1987இல் தஞ்சாவூரும், 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததால், மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட ஆசை வருகிறது. போதாக்குறைக்கு வழியில் இரண்டு நவக்கிரகத் தலங்களையும் செருகுவார்கள். கார் ஓட்டுபவரைத் தவிர வேறு யாருக்கும் அதில் எதுவும் நினைவில் நிற்காது. தஞ்சாவூருக்கு ஒரு காலை முழுசாக, மதியம் அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகள், இரவு அங்கேயே தங்கல். மறுநாள் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும். இரண்டு நாள் இல்லையென்றால் தஞ்சாவூரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

தங்கும் நாளில் இன்னொரு வசதியும் உண்டு. முதல் நாள் மாலையே கோயிலுக்குப் போய் கைடுகளிடம் பேசிப் பார்த்து, பிடித்தவரை மறுநாள் காலைக்குச் சொல்லி வைத்துவிடலாம். குழு பத்துப் பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்து இன்னொருவரையும் கேளுங்கள், பின்னால் நிற்பவர்களுக்குக் குரல் எட்டாது. வடநாட்டு நண்பர்களையோ வெளிநாட்டினரையோ அழைத்து வருகிறீர்கள் என்றால் அவர்கள் மொழியில் பேசுபவர் கிடைக்கிறாரா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் வாசலில் நின்று தேடினால் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.