"வேலூர் டு ஆரணி"ன்னு தேடினா அதுமட்டும் வரணும்: போஸ்ட்கிரஸ்ல ஸ்டாப் வேர்டோட ஃப்ரேஸ் சர்ச்

எங்க பக்கத்து பஸ் ரூட்டெல்லாம் போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல ஒரு டேபிள்ல போட்டு சின்னதா ஒரு சர்ச் பேஜ் பண்ணியிருக்கேன். டேபிள்ல இருக்கறது இங்கிலீஷ், இங்க படிக்க வசதியா தமிழ்ல எழுதறேன். "வேலூர் டு ஆரணி"ன்னு ஃப்ரேஸா (வார்த்தைங்க அதே வரிசையில, பக்கத்து பக்கத்துல) தேடினா "வேலூர் ஃப்ரம் ஆரணி"யும் வருது, "வேலூர் கண்ணமங்கலம் ஆரணி"யும் வருது. ஃப்ரம் போட்டது திசையே நேர் எதிர், ஆரணியில இருந்து வர்ற பஸ், அதை நம்பி ஒருத்தர் வேலூர் பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கக் கூடாதில்ல.

முதல்ல உள்ள இன்னா நடக்குதுன்னு பாருங்க. இங்கிலீஷ் கான்ஃபிக்ல (டெக்ஸ்டை எப்படி தேடற வார்த்தையா மாத்தணும்னு சொல்ற செட்டிங்) டு, ஃப்ரம், அண்ட், த எல்லாம் ஸ்டாப் வேர்ட், அதாவது தேடலுக்கு வேண்டாம்னு விட்டுடற சாதாரண வார்த்தைங்க. போஸ்ட்கிரஸ் அந்த வார்த்தையை தூக்கிடும், ஆனா அது நின்ன இடத்தை காலியா விட்டுட்டு நம்பரை மட்டும் எண்ணிக்கும். அதனால நம்ம தேடல் "வேலூர், அதுல இருந்து 2 இடம் தள்ளி ஆரணி"ன்னு மாறிடுது. நடுவுல எந்த வார்த்தை இருந்தாலும் அதுக்கு ஓகேதான்.

நிறைய பேர் சிம்பிள் கான்ஃபிக்குக்கு மாத்துன்னு சொல்வாங்க. ஸ்டாப் வேர்ட் தப்பிச்சிடும், சரி, ஆனா ஸ்டெம்மிங்கும் (வார்த்தையோட வாலை வெட்டி வேரா ஆக்கறது) போயிடும், ரூட்னு தேடினா ரூட்ஸ் வராது. எனக்கு புடிச்ச வழி வேற. ஸ்னோபால் டெம்ப்ளேட் (ஸ்டெம்மிங் பண்றது இதுதான்) வச்சு புதுசா ஒரு டிக்‌ஷனரி கிரியேட் பண்ணுங்க, லேங்குவேஜ் இங்கிலீஷ், ஸ்டாப் வேர்ட்ஸ்ங்கற ஆப்ஷனை மட்டும் எழுதவே எழுதாதீங்க, அவ்ளோதான். அப்புறம் இங்கிலீஷ் கான்ஃபிக்கை காப்பி எடுத்து, ஆல்டர் மேப்பிங் ரீப்ளேஸ் போட்டு "இங்கிலீஷ் ஸ்டெம்"ங்கற பழைய டிக்‌ஷனரி இருக்கற இடமெல்லாம் புது டிக்‌ஷனரியை வச்சிடுங்க. அந்த கான்ஃபிக்ல ஒரு டிஎஸ்வெக்டர் காலம் (column; வார்த்தையும் அது நிக்கற இடத்து நம்பரும் இதுல இருக்கும்), ஜெனரேட்டட் காலமா, அதாவது தானா நிரம்பறதா வைங்க (வெர்ஷன் 12ல இருந்து இருக்கு), மேல தேடல் வேகத்துக்கு ஒரு ஜின் இண்டெக்ஸ். இங்கிலீஷ் கான்ஃபிக்ல ஏற்கெனவே இருக்கற டிஎஸ்வெக்டர் காலத்தை டெலீட் பண்ணிடாதீங்க, சாதாரண தேடலுக்கு அதுதான் நல்லது.

இப்போ தேடற பக்கம். எனக்கு ரொம்ப நேரம் போனது இங்கதான், அதனால மெதுவா படிங்க. தேடற ஃப்ரேஸை க்வரியா மாத்தற "ஃப்ரேஸ் டு டிஎஸ்க்வரி" ஃபங்ஷனுக்கு கான்ஃபிக் பேரை சொல்லாம வெறும் வார்த்தையை மட்டும் குடுத்தா அது டீஃபால்ட் கான்ஃபிக்கை எடுத்துக்கும், நிறைய சர்வர்ல அது பழைய இங்கிலீஷ்தான். எரர் எதுவும் வராது, ஸ்டெம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கறதால ரிசல்ட்டும் வரும், அதே தப்பான வரிங்களோட. காலத்தை எவ்ளோ நல்லா கட்டினாலும் பிரயோஜனம் இல்ல. செக் பண்ண ஈஸியான வழி, அந்த ஃபங்ஷனை மட்டும் தனியா செலக்ட் போட்டு பாருங்க: "டு" அவுட்புட்ல தெரிஞ்சா சரி, 2ன்னு இடைவெளி நம்பர் தெரிஞ்சா கான்ஃபிக் பேர் விட்டுப்போச்சு.

அப்டேட்: கமெண்ட்ல மைசீக்வல் (இன்னொரு டேட்டாபேஸ்) பத்தி கேட்டிருந்தாங்க. அதோட இன்னோடிபி ஸ்டோரேஜ் இன்ஜின்ல ஸ்டாப் வேர்டை ஆஃப் பண்ணாலும் "டு" இண்டெக்ஸ்ல ஏறாது, ஏன்னா குறைஞ்சபட்ச டோக்கன் சைஸ் (வார்த்தை நீளம்) டீஃபால்ட்டா 3, இது இங்கிலீஷ்ல 2 எழுத்து. அந்த செட்டிங்கை 2 ஆக்கி, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணி, ஃபுல் டெக்ஸ்ட் இண்டெக்ஸை ட்ராப் பண்ணி திரும்ப கட்டணும்.

இன்னொரு அப்டேட்: ஒருத்தர் முழு புக்கையே ஒரே ரோவுல போட்டு, பின்பாதியில ஃப்ரேஸ் சிக்கமாட்டேங்குதுன்னாரு. டிஎஸ்வெக்டர்ல இடத்தோட நம்பர் 16383 வரைக்கும்தான், அதுக்கு மேல போற வார்த்தைங்க எல்லாத்துக்கும் அதே நம்பர்தான். பக்கத்துக்கு ஒரு ரோவா பிரிச்சு போடுங்க.