ப்ராஜெக்டுக்கு எந்த போர்டு? தாளில் தொடங்கி பிரெட்போர்டு வரை

டிசைன் ப்ராஜெக்ட் என்றதும் நிறையப் பேர் முதலில் கேட்பது "எந்த போர்டு வாங்கலாம்?" என்பதுதான். போர்டு என்றால் நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்னக் கணினிப் பலகை. அதை வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கை நீட்டினால் மூடி தானே திறக்கிற குப்பைத்தொட்டி ஒன்றைச் செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: தாளும் பேனாவும்

மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். உள்ளே என்ன தகவல் வருகிறது? கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற அளவு. வெளியே என்ன நடக்க வேண்டும்? மூடி ஏறி இறங்க வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வரும்? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், கடைசி நாளில் காலை வாரிவிடுவதும் அதுதான். ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர், எத்தனை பின் (வயர் மாட்டும் முனை) என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: இப்போது போர்டு

தூரம் அளக்க, ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தைச் சொல்லும் எச்.சி.எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சார்; மூடியைத் தூக்க ஒரு சின்ன சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார். மொத்தமே மூன்று சிக்னல் பின்தான். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டு தாராளமாகப் போதும்: 5 வோல்டில் ஓடும், 14 டிஜிட்டல் பின் இருக்கிறது, 2 கிலோபைட் ராம் இந்த வேலைக்கு மிச்சம்.

தொட்டி நிரம்பினால் போனுக்குச் செய்தி வர வேண்டும் என்றால் வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டை எடுக்கலாம். ஆனால் அது 3.3 வோல்ட் போர்டு, இந்த சென்சாரின் எக்கோ பின்னோ (எதிரொலி நேரத்தைச் சொல்லும் பின்) 5 வோல்ட் அனுப்பும். நேராக மாட்டக்கூடாது. எக்கோவிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக போர்டின் பின்னுக்கு, அதே பின்னிலிருந்து 2 கிலோஓம் வழியாக கிரவுண்டுக்கு (மைனஸ் பக்கத்துக்கு) என்று இணைத்தால் சுமார் 3.3 வோல்டுக்கு இறங்கிவிடும். வைஃபை தேவையே இல்லாதபோது "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று அதை எடுப்பது வேண்டாம் என்பேன், முதல் ப்ராஜெக்டில் சிக்கல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

படி 3: ஒரு நேரத்தில் ஒன்று

முதலில் வெறும் போர்டில் பிளிங்க் என்ற மாதிரி நிரலை ஓட்டி, எல்இடி மினுக்குகிறதா பாருங்கள். அப்புறம் சென்சார் மட்டும். மேசையில் ஒரு ஸ்கேலை வைத்து, 10 சென்டிமீட்டரில் ஒரு நோட்டை நிறுத்தி, சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சாளரம்) என்ன வருகிறது என்று பாருங்கள். ஒலி போய்த் திரும்ப சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோவினாடி ஆகும், அதனால் வந்த நேரத்தை 58ஆல் வகுத்தால் தூரம். 10 சென்டிமீட்டருக்கு நேரம் 580 பக்கத்தில் வந்தால் சரி. அப்புறம் சர்வோ மட்டும். தனித்தனியாக ஓடிய பிறகே சேர்க்க வேண்டும்.

சால்டர் செய்யாமல் வயரைச் செருகிச் சுற்றை அமைக்கும் துளைப் பலகைதான் பிரெட்போர்டு. அதில் ஒரு வரிசையின் ஐந்து துளைகள் உள்ளே இணைந்திருக்கும், நடுப்பள்ளத்தைத் தாண்டினால் இணைப்பு கிடையாது. ஓரத்து நீளக் கோடுகள் சில பிரெட்போர்டுகளில் பாதியிலேயே அறுந்திருக்கும், மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்துத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 4: சேர்த்ததும் ஆடும் இடம்

தனியாக நன்றாக ஓடிய சர்வோ, எல்லாம் சேர்ந்ததும் ஒரு உதறு உதறி நிற்கும், சீரியல் மானிட்டரில் தொடக்க வரி மறுபடி மறுபடி வரும். எனக்கு முதல் முறை இது நடந்தபோது இரண்டு நாள் நிரலிலேயே பிழை தேடினேன். பிழை மின்சாரத்தில் இருந்தது. சர்வோ கிளம்பும்போதும் எங்காவது முட்டி நிற்கும்போதும் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும், அந்த நொடியில் 5 வோல்ட் சரிந்து போர்டு ரீசெட் ஆகிவிடும்.

சர்வோவுக்குத் தனி மின்சாரம் கொடுங்கள். ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி நான்கைத் தொடராக வைத்தால் 4.8 வோல்ட், சின்ன சர்வோவுக்கு அது பொருந்தும். பேட்டரியின் மைனஸையும் போர்டின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னலை எதை வைத்து அளப்பது என்றே சர்வோவுக்குத் தெரியாது, கண்டபடி துடிக்கும். சர்வோவின் பிளஸ், மைனஸுக்குக் குறுக்கே ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் இன்னும் நிதானமாக ஓடும்; அதில் கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றி வைத்தால் வெடிக்கக்கூடும்.

படி 5: தொட்டிக்குள் ஏற்றுமுன்

சுற்று ஓடும்போதே நாலு பக்கமும் படம் எடுத்து, எந்த வயர் எந்தப் பின் என்று வரைந்துவையுங்கள். பிரெட்போர்டைப் பையில் போட்டுக் கொண்டுபோனால் வயர் கழன்றுவிடும், ஆகவே டாட் போர்டில் (பாகங்களை ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் துளைப் பலகை) சால்டர் செய்யுங்கள்; போர்டை நேராக சால்டர் செய்யாமல் சாக்கெட் வைத்தால் கெட்டுப்போனாலும் கழற்றி மாற்றலாம். பிறகு மூடியை ஐம்பது தடவை திறந்து மூடிப் பாருங்கள். எங்காவது ஒரு தடவை திக்கினால், முதலில் பேட்டரி வோல்டேஜை அளந்துவிட்டு அப்புறம் நிரலைத் திறங்கள்.