"எல்லாம் ஓகே சார்" என்று மட்டும் காதில் விழுகிறதா?

மீட்டிங் முடியப்போகிறது. "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்கிறீர்கள். ஒருவர் லேப்டாப்பை மூடுகிறார், ஒருவர் மொபைலைப் பார்க்கிறார், யாரோ ஒருவர் "எல்லாம் ஓகே சார்" என்கிறார். கதவைத் தாண்டிய இரண்டாவது நிமிடம் அதே ஆட்கள் வராந்தாவில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொள்வார்களே, உண்மையான மீட்டிங் அதுதான். அதற்கு உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

தொழில் நடத்துகிறவர்களும் மேலாளர்களும் ஆட்களிடம் செய்யும் தவறுகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் நான் பார்த்தவரை அதில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்: நம் நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்று நமக்கே தெரியாமல் போவது. அந்தக் கதவை அடைத்தவர் பெரும்பாலும் நாமேதான்.

கெட்ட செய்தி கொண்டுவருகிறவரிடம் நாம் காட்டும் முகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நான் மேலாளரான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் வந்து, திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய வேலை முடியாது என்றார். நான் திட்டக்கூட இல்லை. பேனாவை மேஜையில் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டு "இதை இப்பத்தான் சொல்றீங்களா?" என்றேன், அவ்வளவுதான். அடுத்த நான்கு மாதம் அவர் என்னிடம் ஒரு பிரச்சினையும் கொண்டுவரவில்லை, ஆள் தேறிவிட்டார் என்று நானும் சந்தோஷமாக இருந்தேன். கடைசியில் வாடிக்கையாளரே போன் செய்து, மூன்று வாரமாக வேலை நிற்கிறது, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் தேறியது உண்மை, என்னிடமிருந்து மறைப்பதில்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். எண்ணிக்கை தலைகீழாக வந்தது. யோசித்துப் பார்த்ததில் அவருக்குப் புரிந்தது இதுதான்: நல்ல குழுவில் தவறை வாய் திறந்து சொல்கிறார்கள், மற்ற இடங்களில் பூசி மெழுகிவிடுகிறார்கள். அதனால் உங்கள் இடத்தில் தவறே நடப்பதில்லை என்று ரிப்போர்ட் வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் ஒரு கயிறு உண்டு. வேலையில் கோளாறு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் வருவார், கோளாறு நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். இதைப் பார்த்து இதே மாதிரி ஏற்பாடு செய்த இடங்கள் எத்தனையோ. கயிறு கட்டுவது சுலபம், இழுத்தவரை முறைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். முறைக்காமல் இருக்க நான் பழகிக்கொண்ட வழி, "ஏன் இப்படி ஆச்சு?" என்ற கேள்வியை மறுநாளுக்குத் தள்ளிவைப்பது. அன்றைக்குக் கேட்பது "இப்ப என்ன செய்யலாம், நான் என்ன செய்து தரணும்?" மட்டும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்பேன், அது வேறு விஷயம்.

அடுத்தது டார்கெட். எண்ணைக் கொடுத்துவிட்டு, அது எப்படி வருகிறது என்று பார்க்காமல் இருப்பது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகளாவது விற்க வேண்டும் என்று விரட்டினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்து எண்ணைக் காட்டினார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம், வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 5,300 பேர். அத்தனை பேரும் பிறவி மோசடிக்காரர்களா என்ன? 'முடியாது' என்று சொல்ல வழியில்லாத இடத்தில் எண் மட்டும் எப்படியாவது வந்துவிடும்.

நன்றாக வேலை செய்கிறவரை அப்படியே தூக்கி மேலாளர் நாற்காலியில் உட்காரவைப்பது எல்லோருக்கும் தெரிந்த தவறுதான், ஆனாலும் செய்துகொண்டேதான் இருக்கிறோம். நல்ல மேலாளரிடம் என்ன இருக்கிறது என்று கூகுள் தன் ஆட்களை வைத்தே ஆராய்ந்தபோது வந்த எட்டு குணங்களில் தொழில்நுட்பத் திறமை கடைசியில் இருந்தது. பயிற்சி கொடுத்து வளர்க்கும் குணம் முதலில். பதவி கொடுக்கும் முன் இரண்டு புதியவர்களை அவரிடம் ஒப்படைத்து மூன்று மாதம் பாருங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம், எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்வது. லீவில் இருக்கும்போதும் "சார், இதுக்கு ஓகேவா?" என்று வாட்ஸ்அப் வந்துகொண்டே இருக்கிறதா? பெருமையாகத்தான் இருக்கும். இந்தத் தொகை வரை கேட்க வேண்டாம், செய்துவிட்டுச் சொன்னால் போதும் என்று ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். அவர்கள் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முதல் சில தடவை வாயைத் திறக்காதீர்கள்.

சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்துச் சொல்வதும் இதே வியாதியின் மறுபக்கம்தான். ஒருவர் சரியாக வேலை செய்யவில்லை என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். "நேற்று அனுப்பின பில்லில் வரி இரண்டு தடவை ஏறியிருக்கு, இந்த மாதம் இது மூன்றாவது தடவை" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் ஐந்து நிமிட சங்கடம். ஒரு வருடம் தள்ளிப்போட்டுத் திடீரென்று வேலையை விட்டு அனுப்பினால், அவர் கேட்பார், "ஒரு நாளாவது சொன்னீங்களா?" பதில் இருக்காது. இடையில் அவர் வேலையையும் சேர்த்துச் சுமந்த நல்ல ஆள் வேறு இடம் தேடியிருப்பார்.

அப்படிப் போகிறவரிடம் காரணம் கேட்டுப் பிரயோஜனமில்லை. "குடும்பச் சூழ்நிலை" என்பார், போகிற நேரத்தில் எதற்கு மனக்கசப்பு என்று. இருக்கிறவர்களிடம் கேளுங்கள், தனித்தனியாக. "போன வாரம் நான் செய்ததில் உங்க வேலையைக் கெடுத்தது எது?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அந்த மௌனத்தை நீங்களே நிரப்பிவிடாதீர்கள். முதல் தடவை "ஒண்ணும் இல்லை சார்" என்பார்கள். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை பிரிண்டர் சரியில்லை என்று எதையாவது சொல்வார்கள். அந்த பிரிண்டரை அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.