மவுஸைப் பிடித்தே தமிழ் எழுதலாம்: கையெழுத்து உள்ளீடு, முதல் பாடம்

வாழ்நாள் முழுவதும் அழகாகக் கடிதம் எழுதிய எத்தனையோ பேர், விசைப்பலகையில் ‘ழ’ எங்கே என்று தேடிக் களைத்துக் கணினியை விட்டே விலகிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம். எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டாம். இணைய இணைப்பு இருந்தால் போதும்.

1. உலாவியில் கூகுள் மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறங்கள். மொழிபெயர்ப்பு நமக்குத் தேவையில்லை, அங்குள்ள எழுதும் பலகைதான் தேவை.

2. இடப்பக்கப் பெட்டியின் மேலே மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

3. அதே பெட்டியின் கீழ் மூலையில் விசைப்பலகைப் படம் ஒன்று இருக்கும். அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்தி, விரியும் பட்டியலில் பென்சில் படம் உள்ள வரியைச் சொடுக்குங்கள். எழுதும் பலகை திறக்கும்.

4. மவுஸின் இடப் பொத்தானை அழுத்தியபடியே எழுதுங்கள். முதலில் ‘அம்மா’ என்று எழுதிப் பாருங்கள். புள்ளியும் காலும் ஒரே சொல்லில் பழகிவிடும்.

இந்த நான்காம் படியில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். நீங்கள் எழுதி முடித்த படத்தை மட்டும் கணினி பார்ப்பதில்லை. கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைந்தது என்பதையும் கவனிக்கிறது. அதனால் பள்ளியில் கற்ற வரிசையிலேயே, பெரிதாக, ஒவ்வொரு சொல்லாக எழுதுங்கள். ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்று இடமிருந்து வலமாக. தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும், இப்படிப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் அவற்றை 156 வடிவங்களுக்குள் அடக்கியிருக்கிறார்கள். ரகரத்தின் அடியில் வரும் சாய்கோட்டை மறந்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் ‘ர’ காலாகிவிடும். புள்ளியைச் சிறு சுழியாகப் போடுவது நல்லது.

கை நடுங்கினால் கணினி அமைப்புகளில் மவுஸ் வேகத்தைக் குறையுங்கள். நாள்தோறும் எழுதுபவர் பேனாவுடன் வரும் வரைபலகை வாங்கினால் மணிக்கட்டு வலிக்காது.

5. எழுதியதும் பலகையில் சில சொற்கள் வரிசையாகத் தோன்றும். சரியானதைச் சொடுக்குங்கள். ‘க’ வேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௧’ வந்துவிடாமல் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பின்னர் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

6. ஒரு பத்தி முடிந்ததும் நகலெடுத்து உங்கள் கடிதத்தில் ஒட்டிவிட்டு, பெட்டியைக் காலி செய்து அடுத்த பத்தியைத் தொடங்குங்கள்.