திறமூல எஃப்பிஜிஏ கருவிகள்: சொல்லாமல் விட்டதால் வரும் தவறுகள்

2015இல் ஐஸ்ஸ்டார்ம் திட்டம் லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 எஃப்பிஜிஏக்களுடைய (தயாரித்த பிறகும் உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய சில்லுகள்) பிட்ஸ்ட்ரீம் வடிவத்தை, அதாவது சில்லின் உள்ளமைப்பைத் தீர்மானிக்கும் கோப்பின் வடிவத்தை, ஆராய்ந்து ஆவணப்படுத்திய பிறகு, உற்பத்தியாளரின் மென்பொருளைத் தொடாமலேயே சுற்றை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் எழுதிய கோப்பிலிருந்து சில்லு வரை செல்லும் வழி திறந்தது. வெரிலாக்கைத் தர்க்க உறுப்புகளாக மாற்றும் சிந்தசிஸுக்கு யோசிஸ், சில்லுக்குள் இடம் ஒதுக்கி இணைப்பதற்கு நெக்ஸ்ட்பிஎன்ஆர், சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனுக்கு வெரிலேட்டர் அல்லது ஐகரஸ் வெரிலாக் என்பதே இன்று வழக்கமான வரிசை. நாம் சொல்லாமல் விட்ட இடங்களை இக்கருவிகள் தாமாக ஒரு மதிப்பைக் கொண்டு நிரப்பிக்கொள்கின்றன என்பதைப் புதிதாக வருவோர் பலர் கவனிப்பதில்லை. நான் செய்த தவறுகளும் பிறர் செய்யக் கண்ட தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கின.

கடிகார அதிர்வெண்ணை எடுத்துக்கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் பொருத்திய ஐஸ்40 பலகை ஒன்றுக்குச் சுற்றை உருவாக்குகிறோம். நெக்ஸ்ட்பிஎன்ஆருக்கு அதிர்வெண்ணைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அது 12 மெகாஹெர்ட்ஸை இலக்காக வைத்துக்கொண்டு, அதிகபட்ச அதிர்வெண் 60 மெகாஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டு, அதன் பக்கத்திலேயே ‘12 மெகாஹெர்ட்ஸில் பாஸ்’ என்றும் எழுதிவிடும். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுப் பலகையில் ஏற்றினால், சுற்று சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது, அறையின் வெப்பம் மாறினால் வேறு விதமாக நடந்துகொள்ளும். கட்டளையிலோ கட்டுப்பாட்டுக் கோப்பிலோ உண்மையான அதிர்வெண்ணை எழுதிவிட்டால், டைமிங் (சிக்னல்கள் கடிகாரத்துக்கு ஏற்ப வந்துசேரும் நேரம்) பொருந்தாதபோது கருவியே பிழை சொல்லி நின்றுவிடும். அந்தப் பிழையைத் தாண்டிச் செல்ல அனுமதிக்கும் தெரிவும் உண்டு. பழைய மேக்ஃபைல்களை (உருவாக்கும் கட்டளைகளைத் தொகுத்துவைக்கும் கோப்புகள்) நகலெடுக்கும்போது அது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தொடக்க மதிப்பு சார்ந்த தவறு இதைவிட நுட்பமானது, ஏனெனில் இரண்டு இடங்களில் அது தன்னை மறைத்துக்கொள்ளும். ஒரு ரெஜிஸ்டருக்கு (மதிப்பைச் சேமித்துவைக்கும் இடம்) ரீசெட், அதாவது அதைத் தொடக்க மதிப்புக்குக் கொண்டுவரும் ஏற்பாடு, எழுத மறந்துவிட்டோம் என்று கொள்வோம். வெரிலேட்டர் அடிப்படையில் 0, 1 என்னும் இரண்டு நிலைகளை மட்டுமே கையாள்வது. தனியாகக் கேட்காவிட்டால் அந்த ரெஜிஸ்டரைச் சுழியமாகவே தொடங்கும். ஐஸ்40 சில்லில் ரெஜிஸ்டரின் பிட்களைத் தாங்கும் ஃபிளிப்ஃபிளாப்களும் மின்சாரம் வந்தவுடன் சுழியத்தில்தான் இருக்கும். ஆகவே சிமுலேஷனிலும் பலகையிலும் எல்லாம் சரியாகவே தெரியும். அதே வடிவமைப்பை, 2020இல் திறமூலமாக வெளியான ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் பிடிகேயைக் (ஒரு சில்லு ஆலைக்கேற்ப வடிவமைக்கத் தேவையான கோப்புத் தொகுப்பு) கொண்டு உண்மைச் சில்லாக ஆக்கினால், அங்கே ஃபிளிப்ஃபிளாப் எந்த மதிப்பில் விழிக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. வெரிலாக்கில் எழுதிய ‘இனிஷியல்’ பகுதிக்கும் அங்கே பயன் கிடையாது. வெரிலேட்டரின் வேகத்துக்காக அதை வைத்துக்கொண்டாலும், ஒருமுறையாவது ஐகரஸில் ஓட்டி, அலைவடிவங்களைக் காட்டும் ஜிடிகேவேவில் திறந்து பாருங்கள். மதிப்புத் தெரியாத நிலையையும் ஐகரஸ் கையாள்வதால், ரீசெட் பெறாத சிக்னல் அங்கே சிவப்புப் பட்டையாக நீண்டு கிடக்கும். வெரிலேட்டரிலேயே இருக்க விரும்புவோர் தொடக்க மதிப்புகளைத் தற்போக்காக அமைக்கும் தெரிவை இயக்கலாம்.

எழுத்துப்பிழையும் இப்படித்தான். ஒரு மாட்யூலை இணைக்கும்போது எட்டு பிட் பஸ்ஸின் (எட்டு வயர்களின் தொகுதி) பெயரில் ஓரெழுத்தை விட்டுவிட்டால், வெரிலாக் விதிப்படி அந்தப் புதுப் பெயரில் ஒரே பிட் அகலமுள்ள வயர் ஒன்று தானாகப் பிறந்துவிடும். யோசிஸ் இதை எச்சரிக்கையாகச் சொல்கிறதுதான், ஆனால் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் பதிவில் அதை யார் படிக்கிறார்கள்? ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இயல்பு நெட் (வயர்) வகையை ‘நன்’ (none, எதுவுமில்லை) என்று அறிவித்துவிட்டால் அந்த எச்சரிக்கை பிழையாக மாறிவிடும். வெரிலேட்டர் எச்சரிக்கைகளைக் கண்டு நின்றுவிடுகிறதே என்று அவற்றை ஒட்டுமொத்தமாக அணைத்துவைப்பது, என் கருத்தில், அந்தக் கருவியின் பாதிப் பயனைக் குப்பையில் போடுவதாகும்.

மேக்ஃபைலில் மூலக் கோப்புகளை மட்டும் எழுதிவிட்டு, சில்லுக்குள் வைக்கும் செயலியின் நிரலைத் தாங்கி நினைவகத்தில் ஏற்றப்படும் ஹெக்ஸ் கோப்பை விட்டுவிடுவோர் பலர். நிரலை மாற்றி, தொகுத்து, ஹெக்ஸும் புதிதாக வந்துவிடும். ஆனால் மேக்ஃபைலை இயக்கும் மேக் கருவி ‘எல்லாம் நடப்பில் உள்ளது’ என்று சொல்லி ஒதுங்கிவிட, பலகையில் பழைய நிரலே ஓடும். இதில் ஒரு மாலை முழுவதையும் நான் தொலைத்திருக்கிறேன், அதுவும் பிழை சி நிரலில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு.

நூலகங்களைப் பொறுத்தவரை, உருவாக்கப்பட்ட வெரிலாக்கைக் கையால் திருத்துவதை அறவே தவிர்க்க வேண்டும். சென்னை ஐஐடியின் சக்தி செயலி புளூஸ்பெக் மொழியிலும், வெக்ஸ்ரிஸ்க்வி செயலி ஸ்பைனல்எச்டிஎல் மொழியிலும் எழுதப்பட்டவை. அவற்றிலிருந்து வெளிவரும் வெரிலாக் ஒரு விளைபொருள் மட்டுமே. அதில் செய்த திருத்தம் அடுத்த முறை உருவாக்கும்போது சுவடின்றிப் போய்விடும்.

கருவிகளின் பதிப்பையும் குறித்துவைக்க வேண்டும். நாள்தோறும் வெளியாகும் தொகுப்பை எடுத்துப் பயன்படுத்துவோர் தேதியை எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து அதே மூலத்திலிருந்து வேறு டைமிங் எண் வரும்போது காரணம் தேட முடியாது. நெக்ஸ்ட்பிஎன்ஆரின் சீடு எண்ணை (இடம் ஒதுக்கும்போது தற்போக்குத் தேர்வுகளுக்குத் தொடக்கமாகும் எண்) மாற்றினாலே முடிவு சில மெகாஹெர்ட்ஸ் ஏறவோ இறங்கவோ கூடும் என்பதால், ஒரு சீடில் மட்டும் தப்பிப் பிழைத்த வடிவமைப்பை முடிந்ததாகக் கருதாமல், நான்கைந்து சீடுகளில் ஓட்டி, அவற்றுள் மிகக் குறைந்த எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்.