ஏ.ஆர்.டி. மாத்திரை போடுகிறவர்களுக்கு மூட்டுவலி வந்தால்: மெடிக்கல் ஷாப்புக்குப் போகும் முன்

எச்.ஐ.வி.க்குத் தினமும் போடும் ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பித்த பிறகு முட்டி வலிக்கிறது, காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியவில்லை என்றால், இதை ரெண்டு நாள் நிறுத்திப் பார்ப்போமா என்றுதான் முதலில் தோன்றும். நிறுத்தாதீர்கள். வலிக்கு எத்தனையோ வழி இருக்கிறது, ஆனால் விட்டு விட்டுப் போட்டு வைரஸ் அந்த மருந்துக்கு மசியாமல் போய்விட்டால் அப்புறம் அடுத்த கட்ட மருந்துக்குத்தான் போக வேண்டும்.

அதைவிடப் பெரிய வம்பு, யாருக்கும் தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் "மூட்டுவலிக்கு ஒரு செட் குடுங்கண்ணே" என்று வாங்கி முழுங்குவது. பேர் தெரியாமல் வெட்டிக் கொடுக்கும் அந்த நாலைந்து மாத்திரையில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். இப்போது பெரும்பாலானவர்கள் ராத்திரி போடும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன. இதில் டெனோஃபோவிர் கிட்னி வழியாக வெளியேறுவது. அதன் மேல் தினமும் டைக்ளோஃபெனாக்கையும் ஏற்றினால் கிட்னி தாங்காது. ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் கட்ட மருந்தில் இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு இன்னும் ஆபத்து. உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறாமல் தங்கி முகம் உப்பி, சர்க்கரை ஏறும். முட்டியில் போடும் ஒரே ஒரு ஊசிகூட அப்படிச் செய்யலாம்.

சரி, எலும்பு டாக்டரிடம் போனால் எச்.ஐ.வி. என்று சொல்ல வேண்டுமே என்ற தயக்கம் புரிகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது, உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர் ஒரு பக்கம். அதனால் மாத்திரை டப்பாவில் உள்ள பேர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, உள்ளே போனதும் டாக்டர் கையில் கொடுங்கள். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும், நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

எல்லா வலியையும் ஏ.ஆர்.டி. தலையில் கட்டவும் முடியாது. டொலுடெக்ராவிரால் சிலருக்கு மூட்டுவலி வருவதுண்டு. டெனோஃபோவிர் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், வைட்டமின் டி-யும் குறைவாக இருந்தால் எலும்பெல்லாம் குடையும். ஆனால் டி.பி.க்குச் சேர்த்துப் போடும் பைராசினமைடு யூரிக் அமிலத்தை ஏற்றி மூட்டைப் பிடிக்க வைக்கும். சிக்குன்குனியா வந்துபோன வலி மாதக்கணக்கில் நிற்கும். மாட்டுத்தாவணியில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டு மல்லிகை கட்டும் அக்காவுக்கு மணிக்கட்டும் முட்டியும் வலிக்க மாத்திரையே வேண்டியதில்லை.

சிலதற்குக் காத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு மூட்டு வீங்கிச் சுட்டு, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போங்கள். அபாகாவிர் அல்லது நெவிராபின் என்ற ஏ.ஆர்.டி. மருந்து ஆரம்பித்த முதல் வாரங்களில் காய்ச்சல், தடிப்பு, உடம்புவலி என்றால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே ஏ.ஆர்.டி. டாக்டரைக் கேட்க வேண்டும், இந்த ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லலாம், அதுவும் அவர் சொல்லித்தான். நடக்கும்போது தொடையிடுக்கில் வலித்தால் இடுப்பு எலும்புக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம், ஸ்கேன் கேளுங்கள்.

மற்ற சாதாரண வலிக்கு பாராசிட்டமால் 650 போதும், ஆறு மணி நேர இடைவெளியில். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் கேட்டுவிட்டுத்தான். வீக்கம் இல்லாத மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம். வலிக்கிறதே என்று படுத்துக்கொண்டால் இன்னும் இறுகும், தெப்பக்குளத்தைச் சுற்றி மெதுவாக நடந்தால்கூடப் போதும். பூக் கட்டுகிறவர்கள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அவ்வப்போது எழுந்து கையை உதறுங்கள். முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம், ருசிக்காகவாவது. பேர் போடாத மூட்டுவலிப் பொடியும் லேகியமும் வேண்டாம், ஸ்டீராய்டு கலந்து விற்பதும் நடக்கிறது.

கால்சியம் எழுதிக்கொடுத்தால் நேரம் முக்கியம். வெறும் வயிற்றில் அதையும் டொலுடெக்ராவிரையும் சேர்த்துப் போட்டால் ஏ.ஆர்.டி. சரியாக உடம்பில் சேராது. சாப்பாட்டோடு என்றால் ரெண்டையும் ஒன்றாகப் போடலாம், இல்லையென்றால் ஏ.ஆர்.டி. போட்டு ரெண்டு மணி நேரம் கழித்துக் கால்சியம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது: எப்போதும் ஏ.ஆர்.டி. போட்டு ரெண்டு மணி நேரம் கழித்து, அல்லது ஆறு மணி நேரம் முன்னால்.

அடுத்த முறை பெரியாஸ்பத்திரி ஏ.ஆர்.டி. சென்டருக்கு மாத்திரை வாங்கப் போகும்போது டப்பாவை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல், எந்த மூட்டு, எப்போதிலிருந்து, வேறு என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் கடைசியாக எப்போது பார்த்தது என்றும் கேளுங்கள். அதுவரை சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது, பேரும் சொல்ல வேண்டியதில்லை.